ஒரு பாட்டு, மூன்று சொந்தக்காரர்கள்

கதிர், நீயும் லாவண்யாவும் ஹைதராபாத் போய்ச் சேர்ந்து, புது வீட்டில் பால் காய்ச்சி, படமும் அனுப்பிவிட்டீர்கள். இங்கே குரோம்பேட்டையில் நம் வீடு இன்னும் கல்யாண வீடாகவேதான் இருக்கிறது. வாடகை நாற்காலிகளை எடுத்துப்போக ஆள் வரவில்லை. மிச்சமான தாம்பூலப் பைகளில் ஒன்றைத் தினமும் உன் அப்பா திருமுடிவாக்கத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய் யாருக்காவது கொடுத்து, அப்படியே கல்யாணக் கதையையும் ஒருமுறை சொல்லிவிட்டு வருகிறார். எனக்கு ஆபீசில் இன்னும் லீவு மிச்சம் இருக்கிறது. வீட்டில் கை வேலையில் ஓடவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

எழுதுவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. ரிசப்ஷனில் ஒரே பாட்டை எதற்காக மூன்று விதமாகப் பாடினார்கள் என்று லாவண்யா வீட்டுச் சொந்தக்காரர்கள் பலர் கேட்டார்கள். நம் பக்கத்தில் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். உன் சித்தப்பா, நீ ஏதோ கேஸ் போட்டு ஹைகோர்ட்டில் ஜெயித்ததாகவே சொல்லிக்கொண்டிருந்தார். கேஸும் இல்லை, கோர்ட்டும் இல்லை. நடந்ததை நடந்தபடி ஒருவராவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. இதை நீ யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. லாவண்யாவுக்குத் தமிழ் பேச வந்தாலும் படிக்கத் தடுமாறுவாள், அவளுக்கு நீயே வாசித்துக் காட்டு.

அந்தப் பாட்டை நீ கல்லூரிக் கடைசி வருஷத்தில் எழுதினாய். அப்போதெல்லாம் சாயங்காலம் வந்ததும் பையை எறிந்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடாரை எடுப்பாய். 'எட்டாவது பிளாட்பாரம், எனக்கெதிரே ஒரு வண்டி, ஏறாமல் நிற்கிறேன், கையசைத்துப் போகிறாய்' என்று மெல்ல இழுத்து இழுத்துப் பாடுவாய். தாம்பரம் ஸ்டேஷனில் ஒரு பெண் வண்டி ஏறினாள், ஜன்னலில் கை ஆட்டினாள், அதோடு எல்லாம் முடிந்தது என்பதுதான் பாட்டு. நீ எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. நான் சமையலறையில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே, அந்தப் பெண் யார், ஏன் போனாள் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். வளர்ந்த பிள்ளைகள் வாயைத் திறந்து சொல்லாததை இப்படி ஒட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பாட்டை இணையத்தில் ஏற்றினாய். உன் நண்பர்கள் கேட்டார்கள், நல்லாயிருக்கு மச்சான் என்றார்கள். பிறகு உனக்கு வேலை கிடைத்தது, சோழிங்கநல்லூர் போய் வர ஆரம்பித்தாய், கிடார் பீரோ மேலே ஏறிவிட்டது. ஆனால் அந்தப் பாட்டு எனக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

நான் தினமும் பாரிமுனை ஆபீசுக்குப் போகும் மின்சார ரயிலின் லேடீஸ் பெட்டியில் வெள்ளிக்கிழமை என்றால் பாட்டு உண்டு. சாமிப் பாட்டில் தொடங்கி, மாம்பலம் தாண்டும்போது சினிமாவுக்கு வந்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை என் முறை வந்தபோது, உன் பாட்டை நீ பாடுகிற மாதிரியே நிதானமாகப் பாடினேன். எழுதினது என் பிள்ளை என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத்தான் பாடினேன். மாம்பலத்தில் துணிக்கடையில் வேலை பார்க்கும் கோமதிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நல்லாத்தான்க்கா கீது. ஆனா அந்தப் பொண்ணு இன்னா நெனச்சுச்சுன்னு உம் புள்ள கேட்டானா?"

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கு ஆபீசில் வேலையே ஓடவில்லை. அவள் கேட்டது சரிதானே. நின்றவன் பாடுகிறான், போனவள் என்ன நினைத்தாள்? அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு ஒரு சரணம் வந்துவிட்டது. அந்தப் பெண்ணே பாடுவது போல.

'பல்லாவரத்துல எறங்கி நின்னேன், பாத்துக்கிட்டே நின்னேன்,
கையை ஆட்டினது போறேன்னு இல்ல, வா வான்னு சொன்னேன்.'

இதை உன் மெட்டில் இழுத்துப் பாட முடியவில்லை. வண்டி ஓடுகிற வேகத்துக்கு மெட்டும் தானாக வேகமாகிவிட்டது. பெட்டியில் எல்லாரும் கை தட்டினார்கள். குரோம்பேட்டையிலிருந்து மாம்பலம் வரை அதையே திரும்பத் திரும்பப் பாடினோம். கோமதி செல்போனில் பிடித்து இணையத்தில் போட்டாள். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் பிள்ளையின் பாட்டு என் பாட்டுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

நீ ஆபீஸ் நண்பன் அனுப்பித்தான் அதைப் பார்த்தாய். அன்று வந்து சாப்பாட்டு மேசையில் போனை வைத்து ஓடவிட்டாய். அப்பா சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அது நான் அழுத பாட்டும்மா. நீ அதுக்குக் கை தட்ட வெச்சிட்டே."

நான் மாற்றவில்லை, அந்தப் பெண்ணுக்கு ஒரு பதில் எழுதினேன் என்று ஏதோ சொன்னேன். நீ சாப்பிடாமல் எழுந்துவிட்டாய். சில நாள் வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. அப்புறம் ஒரு காலையில் நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாய். அந்த 'வா வான்னு சொன்னேன்' வரியை நானேதான் எழுதினேனா என்று கேட்டாய். ஆமாம் என்றேன். டம்ளரை வாங்கிக்கொண்டு, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனாய். உன் முதல் சம்பளத்தில் எடுத்துக் கொடுத்த புடவைகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் தரவில்லை.

விஷயம் அதோடு நின்றிருக்கும். ஒரு புது டைரக்டர் உன் பாட்டை, உன்னுடைய மெதுவான பாட்டை, தன் படத்தில் வைத்துக்கொள்ளக் கேட்டார். வீட்டில் தரையில் கால் படவில்லை யாருக்கும். உன் அப்பா பட்டறையில் லேத் ஓட்டுகிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டார். அடுத்த வாரமே அந்தக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. இதே பாட்டைப் பெருங்களத்தூர் பேண்ட் செட் குழு ஒன்று ஊர்வலப் பாட்டாக வாசித்து, 'பாரம்பரிய நாட்டுப்பாட்டு' என்று போட்டு வெளியிட்டிருக்கிறது, பாட்டு உண்மையில் யாருடையது என்று கேட்டார்கள். இணையத்தில் போய்ப் பார்த்தால், டிரம்பெட்டும் டிரம்ஸுமாக, என் சரணத்தோடு அமர்க்களமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதைவிடக் கூத்து, நீ ஏற்றிய பாட்டு அவர்களுடையதைப் போல இருக்கிறது என்று சொல்லி உன் பாட்டையே அந்த வீடியோ தளம் நிறுத்தி வைத்துவிட்டது. யார் எழுதினார்கள் என்பது தீரும்வரை தொட முடியாது என்று படக் கம்பெனியும் ஒதுங்கிக்கொண்டது.

நீ வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று குதித்தாய். அப்பாதான், நோட்டீஸ் எதற்கு, பெருங்களத்தூர்தானே, வண்டியை எடு, நேரில் போய்க் கேட்டுவிட்டு வருவோம் என்றார். உன் அப்பா வாழ்க்கையில் சொன்ன நல்ல யோசனைகளில் அது ஒன்று. இதை அவரிடம் சொல்லாதே.

பேண்ட் மாஸ்டர் செல்வம் வீட்டு வாசலில் உட்கார்ந்து டிரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாம் யார் என்று சொன்னதும் அவர் முகம் போன போக்கு எனக்குப் பாவமாக இருந்தது.

"சத்தியமா எனுக்குத் தெரியாதும்மா. ஏதோ ஒரு சாயங்கால வண்டில பொம்பளைங்க பாடிகினு வந்தாங்க. யாரு எழுதுனதுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல. அப்போ ஊர்ப் பாட்டுதானே? அதான் அப்டியே வாசிச்சுட்டோம்."

நீ கோபத்தில் சிவந்து நின்றாய். எனக்கோ, உண்மையைச் சொல்கிறேன், உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். நீ எழுதியதும் நான் எழுதியதும் சேர்ந்து, எந்தக் காலத்திலிருந்தோ வருகிற பாட்டு என்று ஒருவர் நம்பும் அளவுக்குப் போயிருக்கிறது. எந்தப் பரிசைக் கொடுத்தாலும் இதற்கு ஈடாகுமா? ஆனால் அதைச் சொல்லும் நேரம் அது இல்லை.

செல்வம், தம்பி எழுதினதைத் தம்பி வாயாலேயே ஒருமுறை கேட்கிறேனே என்றார். நீ முதலில் தயங்கினாய். பிறகு கிடார் இல்லாமல், அந்த வாசலில் நின்றபடியே பாடினாய். உள்ளேயிருந்து அவருடைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். இரண்டாவது முறை வரும்போது அவர் டிரம்பெட்டை எடுத்து, உன் குரலுக்குக் கீழே, உன்னைத் தொந்தரவு செய்யாமல் வாசித்தார். தெருவில் போன தண்ணீர் லாரி ஓட்டுநர்கூட வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இது வேற பாட்டு தம்பி," என்றார் செல்வம். "இத்தப் போய் நான் கெடுத்துட்டேனா?"

"கெடுக்கலண்ணா. வேற மாதிரி பண்ணியிருக்கீங்க. பேரு போடல, அவ்ளோதான்."

கதிர், நான் உன்னைப் பெற்றவள். ஆனால் நீ எப்படிப்பட்டவன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது அன்றைக்குத்தான். நோட்டீஸ் அனுப்புவேன் என்று கிளம்பி வந்தவன், அவருடைய ஊர்வலப் பாட்டும் ஒரு நல்ல பாட்டு என்பதைக் கேட்டுப் புரிந்துகொண்டாய். செல்வம் அன்றைக்கே அந்த நாட்டுப்பாட்டு என்ற வார்த்தையை எடுத்துவிட்டார். வீடியோ தளத்துக்கு அவரே எழுதி, உன் பாட்டு திரும்பி வரவும் வழி செய்தார்.

அதற்குப் பிறகுதான் தாம்பரத்தில் வக்கீல் ஷாலினியைப் பார்த்தோம். எனக்குப் பதிவு, காப்புரிமை என்றாலே ஏதோ பெரிய கம்பெனிக்காரர்கள் விஷயம் என்று நினைப்பு. அந்தப் பெண் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல விளக்கினாள். பாட்டை எழுதிய நிமிஷத்திலேயே அது எழுதியவருக்குச் சொந்தம், பதிவு செய்வது நாளைக்கு யாராவது கேட்டால் காட்டுவதற்கு. வரிகள் ஒன்று, மெட்டு ஒன்று, பாடிப் பதிவு செய்த ஒலி இன்னொன்று, மூன்றும் தனித்தனி. அதே பாட்டுக்கு வேறு வடிவம் வந்தால், புதிதாகச் சேர்ந்தது எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் புதியவருக்கு உரிமை. அடியில் இருக்கிற பாட்டு முதலில் எழுதியவருடையதாகவே இருக்கும், அவர் அனுமதியும் வேண்டும். இவ்வளவும் சொல்லிவிட்டு, சுலபமான ஒரு வழியும் இருக்கிறது என்றாள். அம்மாவும் செல்வமும் தங்கள் பங்கை உனக்கு எழுதிக் கொடுத்துவிட்டால், எல்லா வடிவமும் உன் ஒருவன் பெயரில் வந்துவிடும். படக் கம்பெனிக்கும் அதுதான் பிடிக்கும், கையெழுத்து வாங்க ஓர் ஆள் போதும்.

நான் அங்கேயே சரி என்றேன். எனக்கு எதற்குத் தனியாக? எல்லாம் உனக்குத்தானே. பஸ் நிலையத்தைத் தாண்டி நடந்து வரும்போது மறுபடியும் சொன்னேன், எல்லாவற்றையும் உன் பெயரிலேயே போட்டுவிடு, நான் யார், உன் அம்மாதானே என்று. நீ நின்றுவிட்டாய்.

"அந்த ஃபார்ம்ல அம்மான்னு கட்டம் இல்லம்மா. எழுதியவர் பெயர்னுதான் இருக்கு."

அப்பா உடனே, போடு, ரேஷன் கார்டுக்கு அப்புறம் அவள் பெயர் இன்னொரு அரசாங்கக் காகிதத்தில் வரட்டும் என்றார். அன்றைக்கு அந்த ஜனநெரிசலில் நின்று நாம் மூன்று பேரும் சிரித்ததைப் பார்த்து, பூக்காரம்மா என்ன விசேஷம் என்று கேட்டாள். பாட்டுப் பதிவு செய்யப் போகிறோம் என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, கை நிறையப் பூவை அளந்து கொடுத்தாள்.

படக் கம்பெனி கொஞ்சம் முகம் சுளித்தது. மெதுவான வடிவம் மட்டும் போதும், அது முழுக்க உன்னுடையது என்று நீ பொறுமையாகப் பேசிப் புரியவைத்தாய். இடையில் அந்தப் படம் கைநழுவிப் போய்விடுமோ என்று நான் பயந்தேன். உனக்கும் பயம் இருந்திருக்கும். ஆனால் நீ அசையவில்லை, கடைசியில் அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். என் சரணத்துக்கு நீ அனுமதி எழுதிக் கொடுக்க வேண்டிய அன்று, நான் உன்னைக் கேட்காமல்தானே பாடினேன் என்றேன். இப்போது கேள் என்றாய். நான் கையில் கரண்டியோடு, 'சார், உங்க பாட்டை நான் பாடலாமா' என்று கேட்டேன். 'தாராளமா பாடுங்க மேடம்' என்று கையெழுத்துப் போட்டாய்.

என் வடிவத்தைச் சுத்தமாக ஒலிப்பதிவு செய்ய வேண்டும் என்று சேலையூரில் ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனாய். அங்கேதான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் லாவண்யா உட்கார்ந்திருந்தாள். அந்த அறைக்குள் ஈ பறந்தால்கூடக் கேட்கும் அமைதி. எனக்குத் தாளமே நிற்கவில்லை. ஓரிடத்தில் ஓடினேன், ஓரிடத்தில் படுத்தேன். வேண்டாம், விட்டுவிடுவோம் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. லாவண்யா உள்ளே வந்து, ஆன்ட்டி, முதல் முதலில் எங்கே பாடினீர்கள் என்று கேட்டாள். வண்டியில் என்றேன். அப்படியானால் இன்றைக்கு வேண்டாம், வண்டியைக் கொண்டு வந்துவிட்டுப் பாடுவோம் என்றாள். மறுநாளே மைக்கை எடுத்துக்கொண்டு மின்சார ரயிலில் ஏறி, தண்டவாளச் சத்தத்தைப் பதிவு செய்து வந்து, என் காதில் ஓடவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டேன், கோமதி பக்கத்தில் நிற்பது போலிருந்தது. ஒரே மூச்சில் பாடிவிட்டேன்.

அந்தச் சத்தத்தைப் பதிவு செய்ய அவளுக்குத் துணையாக நீ போனாய். அதற்கப்புறமும் சத்தம் சரியாக வரவில்லை, இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு நீங்கள் போனீர்களே, பாட்டெல்லாம் முடிந்த பிறகும் போனீர்களே, எங்களுக்குத் தெரியாது என்று நினைத்தாயா?

விண்ணப்பம் போட்டு, யாருக்காவது ஆட்சேபணை இருக்கிறதா என்று காத்திருந்து, அவர்கள் கேட்ட விளக்கத்தைக் கொடுத்து, ஒருவழியாகச் சான்றிதழ்கள் வந்தன. உன் வரிகளும் மெட்டும் உன் பெயரில், என் சரணம் என் பெயரில், ஊர்வல ஒலிப்பதிவு நம் இருவர் அனுமதியோடு செல்வம் பெயரில். அன்று செல்வம் மனைவியோடு நம் வீட்டுக்கு வந்தார். இத்தனை வருஷமாகக் கல்யாணங்களில் வாசிக்கிறார், பந்தி முடிந்ததும் இவர் முகம்கூட யாருக்கும் நினைவிருக்காது, இதில் இவர் பெயரைப் பதித்துவிட்டீர்களே என்று அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். உன் கல்யாணத்துக்கு நாங்கள்தான் வாசிப்போம் என்று செல்வம் அன்றைக்கே சொல்லிவிட்டார். ஆகவே ரிசப்ஷனில் முதலில் நீ பாடினாய், பிறகு என்னையும் லேடீஸ் பெட்டியையும் மேடையேற்றினாய், கடைசியில் செல்வம் குழு மண்டபத்தையே ஆட வைத்தது. கேட்டவர்களுக்கெல்லாம் இதுதான் பதில்.

அறிவுரை இல்லாமல் அம்மாவின் கடிதம் முடியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள். வீட்டுக்குள் ஒரு விஷயத்துக்கு எப்போதும் இரண்டு வடிவம் இருக்கும். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் கோவளம் கடற்கரைக்குப் போனோம். அப்பாவைக் கேட்டால், நான் வழியெல்லாம் கோபமாக வந்தேன் என்பார். எனக்கு அன்று வெயிலில் தலைவலி, அவ்வளவுதான். இத்தனை வருஷம் கழித்தும் அவர் வடிவத்தை அவர் சொல்கிறார், என்னுடையதை நான் சொல்கிறேன். லாவண்யா ஒன்றை வேறு மாதிரிச் சொன்னால், உன்னுடையதை அவள் கெடுத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதே. முழுதாகக் கேள். அவளுடைய யோசனை பலித்தால், நாலு பேர் முன்னால் அவள் பெயரைச் சொல்லிச் சொல். உன்னுடையது எதுவோ அதையும் கூச்சப்படாமல் என்னுடையது என்று சொல். உனக்கு இதையெல்லாம் நான் கற்றுக்கொடுக்கவில்லை. நீ பாட்டு விஷயத்தில் நடந்துகொண்டதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். வீட்டிலும் அப்படியே இரு.

நேற்று இவ்வளவு எழுதி மூடி வைத்தேன். இன்று காலை நீ ஆபீஸ் கிளம்பிய பிறகு லாவண்யா கூப்பிட்டாள். சமையலறையில் சாமான் அடுக்கிக்கொண்டே உன் பாட்டைத் தெலுங்கில் பாடிப் பார்த்தாளாம். பாடப் பாட ஒரு சரணம் தானாக வந்துவிட்டதாம். அதில் அந்தப் பெண் பல்லாவரத்தில் நிற்பதில்லை. அடுத்த வண்டி பிடித்துத் தாம்பரத்துக்கே திரும்பி வருகிறாள். அதற்குள் அவன் அவளைத் தேடிப் பல்லாவரம் போய்விட்டான். இப்படியே மாற்றி மாற்றி வண்டி பிடிக்கிறார்கள். போனிலேயே பாடிக் காட்டினாள். எனக்குப் பாதி புரிந்தது, ஆனால் ஓரிடத்தில் அவளாலேயே சிரிப்பை அடக்கிப் பாட முடியவில்லை, நானும் சிரித்துவிட்டேன்.

"அத்தை, இதுக்கு யார்கிட்ட பர்மிஷன் கேக்கணும்?" என்றாள்.

இரண்டு பேரிடமும் கேட்க வேண்டும் என்றேன். உன்னிடம் கேட்க அவளுக்கு வெட்கமாக இருக்கிறதாம், கடிதம் எழுதுகிறீர்களே, அதிலேயே நீங்கள் கேட்டுவிடுங்கள் என்றாள். அதனால் முறைப்படி கேட்கிறேன். உன் பாட்டைத் தெலுங்கில் பாடவும், அதில் ஒரு சரணம் புதிதாகச் சேர்க்கவும் லாவண்யா அனுமதி கேட்கிறாள். என் சரணத்துக்கு நான் கொடுத்துவிட்டேன். உன்னுடையதை நீதான் கொடுக்க வேண்டும். எனக்குப் பதில் எழுத வேண்டாம். இதை வாசித்துக் காட்டும்போது அவள் உன் பக்கத்தில்தான் இருப்பாள். முதலில் பாடச் சொல்லிக் கேள்.